றெஜினா தலையாட்டிய மத்தியானம்

நீங்கள் வேலைக்கு வந்து கன நாள் போகாது. யாராவது ஒருவர் உங்களைத் தனியே கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் ஏலாது, நீங்கள்தான் அவளுக்காகக் கதைக்க வேணும்" என்பார். தாயாக இருக்கலாம், கிராம அலுவலராக இருக்கலாம், கோயில் சபையில் ஒருவராக இருக்கலாம். கெட்டவராக இருக்கமாட்டார். கண் கலங்கித்தான் சொல்லுவார். அதைக் கேட்கும்போது உங்களுக்கும் உள்ளே ஒரு பெருமை எழும்பும். நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய கரையோரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலையில் என் வாழ்க்கையின் பெரும்பகுதி போயிற்று. எனக்கே சின்ன வயதில் வந்த போலியோவால் ஒரு கால் மெலிவு. பொல்லு ஊன்றித்தான் நடக்கிறேன். எந்த உதவியை எந்தக் கந்தோரில் கேட்பது, எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பதையெல்லாம் இப்போது இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

தம்பலகாமத்தில் ஒரு கமக்காரர் இருந்தார். உழவு இயந்திரம் பிரண்டு முதுகுத்தண்டு அடிபட்டவர். நாங்கள் அவருக்குச் சக்கர நாற்காலி கொண்டுபோனோம். அவர் அதைத் தடவிப் பார்த்தார். "நல்லது, வைச்சிட்டுப் போங்கோ. ஆனா யானை வந்தா எல்லாரும் ஓடிருவினம். நான் இந்தக் கதிரையோட எங்க ஓடுறது? வளவுக்குப் பின்னால ஒரு லைற்றுக்கு வழி பாருங்கோ" என்றார். எங்கள் திட்டத்தில் லைற் என்ற சொல்லே இருக்கவில்லை. ஆனாலும் அலைந்து திரிந்து ஒரு லைற்றைப் போட்டுக் கொடுத்தோம். கேட்டிராவிட்டால் அவருக்கு எது பயம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அது லேசான கேள்வி. கேட்டவுடன் பதில் வந்தது. கேட்பதற்கே நேரம் இல்லாத, கேட்காதே என்று எல்லோரும் தடுக்கிற சந்தர்ப்பமும் வரும். றெஜினாவின் கதை அப்படிப்பட்டது.

றெஜினாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பட்டினக் கரையில், மாதா கோயிலுக்குக் கிட்ட வீடு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தாய் திரேசம்மா கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். சாப்பிடு, வா, படு, தண்ணி என்று தாய்க்கும் மகளுக்கும் இடையில் சில கைச்சாடைகள் இருந்தன. வளர்ந்து பெரியவளான பிறகுதான் எங்கள் சைகை மொழி வகுப்புக்கு வந்தாள். பசித்தவள் சோற்றைக் கண்டதுபோல அந்த மொழியை எடுத்துக்கொண்டாள். ஐஸ் பக்டரியில் வேலை செய்த அன்ரன் அவளுக்காகவே வகுப்புக்கு வந்து பின் வாங்கில் இருந்து படித்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் வீட்டோடு வந்து இருந்தான்.

திரேசம்மாவை வகுப்புக்கு எத்தனையோ தரம் கூப்பிட்டேன். "எனக்கு என்னத்துக்கு மிஸ்? அவளின்ர கண்ணைப் பாத்தாலே எனக்கு விளங்கும்" என்று சிரித்துவிடுவார்.

றெஜினாவுக்குச் சத்திரசிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டொரு நாள் கழித்து, காலையில், அன்ரன் தொலைபேசி எடுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் தேத்தண்ணிக் கடையில் நிற்கிறான் போல. பின்னால் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

"மிஸ், இண்டைக்குத் துண்டு வெட்டுகினம். வீட்டை போகலாமாம்."

"நல்லது தானே."

கிளாஸ் சத்தம் தூரமாயிற்று. பிறகு சொன்னான். "பிள்ளையை வவுனியாவுக்குக் கொண்டுபோகப் போகினம்."

"ஆர்?"

"மாமியும் மச்சாளும். மச்சாளுக்குப் பிள்ளையில்லைதானே. அவ வளர்க்கட்டாம். வான் வந்து நிக்குது. பிள்ளை வான்ல முன்னுக்குப் போகுமாம், நானும் றெஜினாவும் பின்னால ஓட்டோவில வீட்டை போறதாம்."

"றெஜினா என்ன சொல்லுறா?"

"அவவுக்குத் தெரியாது மிஸ்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றான். "அவையின்ர வீட்டில இருந்துகொண்டு நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

நான் ஓட்டோவில் ஏறும்போதே இரண்டு பேரைத் தேடினேன். மட்டக்களப்பில் இருந்த சைகை மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில் நின்றார். பின்னேரம்தான் தொலைபேசியில் எடுக்கலாம் என்று சொன்னார்கள். மற்றவள் குச்சவெளி ஹசீனா. அவளுக்கும் காது கேளாது. புருஷனோடு சேர்ந்து கரையோர வீதியில் ரயருக்கு ஒட்டுப் போடும் கடை வைத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். வீடியோ அழைப்பில் எடுத்தேன். கையெல்லாம் கறுப்பாக வந்து நின்றாள். ஓட்டோ குலுங்க, ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எந்த வாட்டு?" பஸ் பிடித்து நிலாவெளியால் வந்து சேர நேரமெடுக்கும். அதுவரை நான் தனிய.

ஏன் ஹசீனா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குச் சைகை மொழி தெரியும். ஆனால் எனக்குக் காது கேட்கும். காது கேளாத தாய் பிள்ளை வளர்ப்பாள் என்று நான் சொன்னால் அது பிரசங்கம். ஹசீனா வந்து நின்றாலே போதும்.

வாட்டு மேல்மாடியில் இருந்தது. படியேறிப் போனபோது மூச்சு வாங்கியது. றெஜினா கட்டிலில் இருந்து குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அக்கா வவுனியாவில் இருந்து வந்திருக்கிறா. எனக்கு உதவியாக வீட்டில் நிற்கப் போகிறா" என்று கைகளால் சொன்னாள்.

வாட்டில் நின்ற தாதி நல்ல பெண். அவவும் ஏதோ அறிந்திருக்க வேண்டும். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மிஸ், தாய்க்கு இப்ப ஒண்டும் சொல்லிக் குழப்பாதேங்கோ. பிறஷர் கூடினா எங்களுக்குத்தான் கரைச்சல். வீட்டை போய்க் கதையுங்கோவன்."

வீட்டுக்குப் போய்க் கதைக்கப் பிள்ளை இருக்காது என்பது அவவுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது.

திரேசம்மா விறாந்தையில் நின்றார். பக்கத்தில் மூத்த மகள் மேரி, புது உடுப்புகள் நிறைந்த ஒரு பையோடு. நான் போனதும் திரேசம்மா அன்ரனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைக் குனிந்தான்.

"மிஸ், நீங்கள் வந்தது நல்லது. நீங்களே அவளுக்கு ஆறுதலாச் சொல்லுங்கோ, பிறகு" என்றார். "நான் கொடுமைக்காரி இல்லை. இவள் சின்னப்பிள்ளையா இருக்கேக்க றோட்டில விளையாடினவள். லொறியொண்டு பின்னுக்கு வந்தது. நான் வாசல்ல நிண்டு தொண்டை கிழியக் கத்தினன். திரும்பிப் பாக்கேல்லை. இடுப்பில இப்பவும் தழும்பு இருக்கு. அண்டைக்குத் தொடக்கம் நான் ஒழுங்கா நித்திரை கொண்டதில்லை. இப்ப அந்தப் பிள்ளை அழுதா இவளுக்குக் கேக்குமோ? மூச்சுத் திணறினாக் கேக்குமோ? நான் எத்தினை காலம் காவல் இருக்கிறது, சொல்லுங்கோ."

மேரி பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தா.

நான் என்ன செய்திருக்கலாம்? சத்தம் போட்டிருக்கலாம். பொலிசுக்குச் சொல்லுவேன் என்று வெருட்டியிருக்கலாம். சட்டம் என் பக்கம் தான். ஆனால் அன்று பின்னேரம் றெஜினா திரும்பிப் போக வேண்டியது அதே தாயின் வீட்டுக்கு. நான் வென்றுவிட்டு ஓட்டோவில் ஏறி என் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் அந்தக் குசினியில், அந்த முகங்களுக்கு நடுவில், பச்சை உடம்போடு இருக்க வேண்டும். அதேநேரம் பேசாமல் விடவும் ஏலாது. வான் சாரதி கீழே ஹோர்ன் அடித்துவிட்டான்.

"அக்கா, உங்கட பயம் எனக்கு விளங்குது" என்றேன். "அப்ப நீங்களே போய் றெஜினாவிட்டச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். நீங்கள் தாய். உங்களுக்கு அவவின்ர கண்ணைப் பாத்தாலே விளங்கும் எண்டு சொல்லுவீங்கள். நீங்கள் சொல்லி, அவ விளங்கி, ஓம் எண்டா, நான் கீழ வந்து வான் கதவைத் திறந்து விடுறன்."

திரேசம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம்.

கட்டிலுக்கு முன்னால் நின்று அவர் கையை எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது. சாப்பிடு, வா, படு, தண்ணி. அவரிடம் இருந்த சாடைகள் அவ்வளவுதான். உன் பிள்ளையை இன்னொருத்தி வளர்ப்பாள் என்று சொல்ல அவரிடம் ஒரு சாடையும் இல்லை. கடைசியில் குழந்தையைக் காட்டினார். மேரியைக் காட்டினார். யன்னலுக்கு வெளியே, தூரத்தைக் காட்டினார்.

றெஜினா சிரித்தாள். நன்றாகத் தலையாட்டினாள். குழந்தையைத் தூக்கி மேரியின் கையில் தானே கொடுத்தாள்.

"பாத்தீங்களே மிஸ், ஓம் எண்டிட்டாள்" என்றா மேரி. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியும் விட்டா. அந்த முகத்தில் வந்த சந்தோசத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நேர்த்தி வைத்துக் காத்திருந்த ஒருத்தியின் சந்தோசம் அது.

நான் வாசலில் நின்றேன். விலகவில்லை. "ஒரு நிமிசம் மேரி. எதுக்கு ஓம் சொன்னவ எண்டு கேப்பம்."

றெஜினாவைப் பார்த்து, "அம்மா இப்போது உனக்கு என்ன சொன்னவ?" என்று சைகையில் கேட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவள் என்ன சொல்கிறாளோ அதை எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொன்னேன்.

"எனக்குத் தையல் நோகும் என்று, வாகனம் வரைக்கும் பிள்ளையை அக்கா தூக்கிக்கொண்டு வருவா. வீட்டில் இறக்கியதும் நான் பால் கொடுக்க வேணும்."

திரேசம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தன் மகளைப் பார்த்தார். அந்தக் கண்ணை எத்தனை வருசமாகப் பார்த்தவர். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

நான் அன்ரனைப் பார்த்தேன். நானே சொல்லியிருக்கலாம். என் கைகள் அவனுடைய கைகளைவிட வேகமாகச் சொல்லும். ஆனால் அது அந்தக் குடும்பத்துக்குள் இருந்து வரவேண்டிய சொல். என் வாயால் வந்தால் நான் போன பிறகு அது பொய்யாகிவிடும்.

அன்ரன் கட்டிலுக்குக் கிட்டப் போய் முழங்காலில் இருந்தான். அவள் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பிள்ளை. வவுனியா. அங்கேயே இருக்கும். அக்கா வளர்ப்பா. நம் வீட்டுக்கு வராது.

றெஜினா முதலில் சிரித்தாள், பகிடி என்று. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "உனக்கு முதலே தெரியுமா?" என்று அவனைக் கேட்டாள். அவன் தெரியும் என்றான். அவள் அவனை அடிக்கவில்லை, அழவில்லை. வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். தாதி ஓடிவந்து பிடிக்கப் போனா. றெஜினா அந்தக் கையை விலக்கிவிட்டு மேரியின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். பறிக்கவில்லை. நீட்டிக்கொண்டே நின்றாள். தையலின் நோவில் உடம்பு நடுங்கியது. ஆனாலும் கை இறங்கவில்லை.

மேரி குழந்தையைக் கொடுத்தா. கொடுத்துவிட்டு, பையை நிலத்தில் வைத்து, சுவரோடு சாய்ந்து அழுதா.

அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு நிமிசம் போதும். அதற்குப் பிறகு வாழ வேண்டும். திரேசம்மா என்னிடம் திரும்பினார். இப்போது அவர் குரலில் கோபம் இருந்தது.

"சரி, பிள்ளை இவளோட. இரவைக்குப் பிள்ளை அழேக்க நீங்கள் வருவீங்களே மிஸ்?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது என்று இல்லை. அதைச் சொல்ல வேண்டியவள் இன்னும் வந்து சேரவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்றேன். வான் சாரதியைக் காத்திருக்கச் சொல்லிக் கீழே ஆள் அனுப்பினேன். தாதி எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து திரேசம்மாவுக்குப் போட்டா. அந்த உதவியை நான் மறக்கவில்லை.

ஹசீனா வரும்போது உச்சி வெயில். முக்காட்டுக்குக் கீழே வேர்வை. விரல் நகங்களில் இன்னும் கறுப்பு. இடுப்பில் சின்ன மகள், நடக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலம்தான். மூத்ததைப் புருஷனோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்குச் சலாம் சொல்லிவிட்டு நேரே றெஜினாவிடம் போனாள். இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். அந்தக் கைகளின் வேகத்துக்கு என்னாலேயே ஈடுகொடுக்க ஏலவில்லை. நான் ஈடுகொடுக்கவும் முயலவில்லை. அது அவர்களுடைய கதை.

ஹசீனா தன் மகளை இறக்கிவிட்டிருந்தாள். அது கட்டில்களுக்கு நடுவே தத்தித் தத்தி நடந்தது. ஒரு இடத்தில் சறுக்கி விழுந்தது. திரேசம்மா கதிரையில் இருந்து பாதி எழும்பிவிட்டார். குழந்தை அழ வாயெடுத்தது. தாயின் கண் றெஜினாவின் கைகளில்தான் இருந்தது. அழாமல் எழும்பியது. நடந்து வந்து தாயின் தொடையில் தட்டியது. ஹசீனா குனிந்து பார்த்தாள். அதன் பிறகுதான் பிள்ளை சொண்டைப் பிதுக்கி அழுதது. முழங்காலைக் காட்டியது. பிறகு பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணி கேட்டது.

திரேசம்மா அதைப் பார்த்தபடியே இருந்தார்.

"இது எப்பிடி?" என்று என்னைக் கேட்டார். "இதுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

நான் கேள்வியை ஹசீனாவுக்குச் சொன்னேன். ஹசீனா திரேசம்மாவின் முன்னால் நிலத்தில் இருந்து, அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். நான் குரல் மட்டும் கொடுத்தேன்.

"ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தம் போட்டால் உம்மா வரமாட்டா, தொட்டால் வருவா என்று பிள்ளைக்குத் தெரியும். படுக்கும்போது என் கை அதன் நெஞ்சில் இருக்கும். அழுதால் நெஞ்சு அதிரும், நான் எழும்புவேன். காது கேட்கிற தாய் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைப்பா, காதை நம்பி. நான் முதுகு காட்டுவதில்லை."

"விழுந்தா?"

"எல்லாப் பிள்ளையும் விழும் அம்மா. உங்கள் மகள் லொறியில் அடிபட்டபோது உங்களுக்குக் காது கேட்டதுதானே."

இதை மொழிபெயர்க்க நான் ஒரு கணம் தயங்கினேன். லொறிக் கதையை றெஜினா அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடுமையான சொல். ஆனால் குரல் கொடுக்க ஒத்துக்கொண்டவள் இனிப்பானதை மட்டும் பொறுக்கி எடுக்கக்கூடாது. அப்படியே சொன்னேன். திரேசம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் றெஜினா மேரியைக் கூப்பிட்டாள். அவளுடைய கைகளுக்கு அன்ரன் குரல் கொடுத்தான். "அக்கா, வீட்டுக்கு வா. வந்து இரு. விருப்பமான வரைக்கும் பிள்ளையைத் தூக்கு. கொண்டு மட்டும் போகாதே."

எல்லோரும் அந்த வானில்தான் ஏறினார்கள். வான் வவுனியாப் பக்கம் திரும்பவில்லை. மேரி கொஞ்சக் காலம் தாய் வீட்டில் நின்று பிள்ளையைக் குளிப்பாட்டினா. சில நாட்களில் றெஜினாவோடு முகம் கொடுக்காமலும் இருந்திருக்கிறா. போகும்போது அந்தப் பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனா. அவவை நான் ஒருநாளும் குற்றவாளியாக நினைத்ததில்லை. பிள்ளையில்லாதவளுக்கு ஆசை காட்டியது யார் என்று பார்த்தால், அதுவும் அன்புதான். நம் வேலையில் எதிரில் நிற்பது அனேகமாக அன்புதான். வெறுப்பாக இருந்தால் சண்டை பிடிப்பது லேசு.

அன்ரனோடு றெஜினா கனகாலம் கதைக்கவில்லை. அதற்குள் நான் போகவில்லை. அது எனக்குரிய இடம் இல்லை. என் பங்குக்கு, பிள்ளை அழுதால் அதிர்கிற ஒரு கருவியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். சில நாள் பாவித்துவிட்டு றெஜினா திருப்பித் தந்தாள். "மீன்காரன் சைக்கிள் மணி அடித்தாலும் அதிருது. என் கை போதும்" என்றாள். அந்த ஆஸ்பத்திரியோடும் சும்மா இருக்கவில்லை. காது கேளாத தாய்மார் வந்தால் வீட்டாரைக் கேட்காமல் மொழிபெயர்ப்பாளரை வீடியோ அழைப்பில் எடுக்க வேண்டும் என்று, றெஜினாவையும் ஹசீனாவையும் முன்னால் இருத்தி, திரும்பத் திரும்பப் போய்க் கதைத்தோம். கதிரையைப் போட்டுத் தந்த தாதிதான் கடைசியில் எங்களுக்காக உள்ளே நின்று கதைத்தவ. அந்த வாட்டில் இப்போது அது நடக்கிறது. மற்ற வாட்டுகள் உங்கள் பொறுப்பு.

பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கிளினிக்குக்கு வந்தபோது நானும் வேறொரு வேலையாக அங்கே நின்றேன். றெஜினா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் திரேசம்மா. புதிதாக மாற்றலாகி வந்த ஒரு தாதி, காது கேளாத தாய் என்று அறிந்ததும், வழக்கம்போல வயதானவரைப் பார்த்துக் கேட்டா.

"அம்மா, பிள்ளைக்குப் பால் போதுமா இருக்கோ? காய்ச்சல் ஏதும் வந்ததோ?"

திரேசம்மா றெஜினாவின் தோளில் தட்டினார். தாதியின் பக்கம் கையைக் காட்டினார். பிறகு தாதியிடம் சொன்னார். "தாய் இவ. இவவிட்டக் கேளுங்கோ."

"எனக்கு அந்தப் பாசை தெரியாதே அம்மா."

"அப்ப படியுங்கோ" என்றார் திரேசம்மா. "நானும் இப்பதான் படிக்கிறன்."